தேன் பாட்டிலும் எவர்சில்வர் கரண்டியும்: நான் கெடுத்துக் கற்றுக்கொண்டது

எங்கள் அம்மாயி வீட்டில் எவர்சில்வர் கரண்டி தேன் ஜாடிப் பக்கமே போகக் கூடாது. "இரும்பு பட்டால் தேன் விஷமாகிவிடும் கண்ணு" என்று சொல்லி ஒரு மரக்கரண்டியைத் தனியாக வைத்திருப்பார். கோயமுத்தூரில் குடித்தனம் வைத்ததும் நானும் மரக்கரண்டி வாங்கினேன். போன ஐப்பசி மழையில் ஒரு கிலோ தேன் நுரைத்துப் பொங்கியதில் அந்தக் கரண்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் பெட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் வாங்கிய நல்ல தேன் அது. ஒரு மாதம் கழித்து மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று சத்தம், மேலே வெள்ளை நுரை, புளித்த கள் வாடை. அதன் பிறகு நான் செய்யும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. பாத்திரம். கண்ணாடி பாட்டில் அல்லது ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடி. தேன் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு கிலோ தேனுக்கு ஏறக்குறைய 700 மில்லி இடம் போதும். இது தெரியாமல், லிட்டர் பாட்டில் நிறையவில்லை என்று தோப்புக்காரரிடம் நான் முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

2. காய வைப்பது. நான் சறுக்கிய இடம் இதுதான். பாட்டிலை வெந்நீரில் கழுவித் துணியால் துடைத்தேன், காய்ந்துவிட்டது என்று நினைத்துத் தேனை ஊற்றினேன். மூடியின் உள்ளே இருக்கும் அட்டைவட்டத்துக்குப் பின்னாலும், கழுத்தின் மரைகளிலும் ஈரம் ஒளிந்திருந்திருக்கிறது. போதாக்குறைக்குத் தினமும் கழுவிய மரக்கரண்டி. மரம் மேலே காய்ந்தாலும் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நல்ல தேனில் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டுப் பங்குதான் தண்ணீர். அது இருபதைத் தாண்டினால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் விழித்துப் புளிக்க வைக்கும். நம் ஊர்ப் பெட்டித் தேன் பெரும்பாலும் முதலிலேயே கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். மூடி தளர்ந்தால் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இப்போது பாட்டிலைக் கவிழ்த்து அரை நாள் வெயிலில் வைக்கிறேன். பிறகு மூடியைப் போட்டுப் பத்து நிமிடம் வெயில், அப்புறம் நிழல். உள்பக்கம் லேசாகப் பனி பூத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள், திரும்பவும் வெயிலுக்கு.

3. கரண்டி. காய்ந்த எவர்சில்வர் கரண்டியால் தாராளமாக எடுக்கலாம். அடையிலிருந்து தேன் பிழியும் இயந்திரமே எவர்சில்வரில்தான் வருகிறது. அம்மாயி காலத்துக் கரண்டி இரும்பு, தூக்கு பித்தளை. தேனுக்கு அமிலத்தன்மை உண்டு. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் நாள்கணக்கில் கிடந்தால் உலோகம் கரைந்து பச்சை படியும், இரும்பில் நிறமும் ருசியும் மாறும். ஆகவே அம்மாயி சொன்னது அந்தக் காலப் பாத்திரத்துக்குச் சரி. எவர்சில்வர் வந்த பிறகும் விதி மட்டும் மாறவில்லை. அலுமினியத்திலும் ஊற்றி வைக்க வேண்டாம். என் விருப்பம் நீளக் காம்புள்ள எவர்சில்வர் கரண்டி. எடுத்ததும் வெளியே வைத்துவிட வேண்டும், உள்ளேயே விட்டால் மூடி சரியாகப் பொருந்தாது.

4. இடம். அடுப்புக்குத் தள்ளி, வெயில் படாத அலமாரி. ஃபிரிட்ஜ் வேண்டாம்.

5. உறைந்தால். மார்கழிக் குளிரில் அடியில் வெள்ளையாகக் கட்டியதும் 'சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறார்கள்' என்று ஒரு பாட்டிலை முன்பு வீசியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. தேனிலுள்ள குளுக்கோஸ் தானாகவே படிகமாகும், 14 டிகிரி வாக்கில் வேகமாக. கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி, நீர் ஆறினால் மாற்றிக்கொண்டே இருங்கள். ஓரிரு மணி நேரம் ஆகும். தண்ணீர் மூடி மட்டத்துக்கு வரக் கூடாது. அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் விஷமாகாது, ஆனால் மணம் போய்விடும்.

பிறகு சேர்த்தது: தீக்குச்சியைத் தேனில் நனைத்துக் கொளுத்தினால் சுத்தமா என்று தெரியுமா எனக் கேட்டிருந்தார் ஒருவர். தெரியாது. கெட்டியான சர்க்கரைப் பாகில் நனைத்தாலும் எரியும். எறும்பு மொய்ப்பதும் அப்படித்தான்.

மறுபடியும் சேர்த்தது: புளித்த தேனை இறுக்கி மூடிய ஒருவர் வீட்டில் பாட்டில் விரிசல் விட்டிருக்கிறது. நுரை தெரிந்தால் முதலில் மூடியைத் தளர்த்துங்கள்.

பிறந்த குழந்தைக்குத் தேனில் சேனை வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கரண்டி எதுவானாலும் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. சுத்தமான தேனிலும் பாட்டுலிசம் என்ற, தசைகளை முடக்கும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். கைக்குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சுவதாலும் அவை சாகாது. இந்த ஒன்றுக்கு அம்மாயியிடம் நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.