பி38 ரேஞ்ச் ரோவரின் காற்றுப்பைகளைப் பேணுவது

என் பி38-ஐ ஸ்பிரிங்குக்குப் பதிலாக, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ரப்பர் காற்றுப்பைகள் தாங்குகின்றன. இதில் உயர நிலை, வண்டியை வழக்கமான உயரத்திலிருந்து 40 மி.மீ. தூக்கும். கல், பள்ளம் வருமுன்பே ஏற்றிவிடுங்கள். வேகம் கூடினால் தானே இறங்கிவிடும்.

சேற்றில் போய்வந்த அன்றே ரப்பர் பைகளைக் கழுவுங்கள். மடிப்பில் தங்கும் மணல்தான் ரப்பரை அரைத்துத் தின்கிறது. இதில் சோம்பல் கூடவே கூடாது.

இரவு நிறுத்திய வண்டி காலையில் முழுதும் தாழ்ந்திருந்தால் குழம்பாதீர்கள். ஒரு மூலையின் பை கசிந்தாலும் கணினி மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். நிறுத்திய வண்டியிலும் அந்தக் கணினியை இயக்கும் டிலே ரிலேயைக் கழற்றிவிட்டு நிறுத்துங்கள். கசியும் மூலை மட்டும் சாயும். அங்கே சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும். வராவிட்டால் பைகளுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக்கின் ஓ-ரிங்குகளை (ரப்பர் வளையங்களை) பாருங்கள். கசிவோடு ஓட்டினால் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிப் பழுதாகும்.

வண்டியைத் தாங்க ஸ்டாண்டு போடாமல் அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.