பெருமையை விட முடியவில்லையா? ஆயக்காரனைப் போல ஜெபித்துப் பாருங்கள்

லூக்கா சுவிசேஷம் 18-ல் இயேசு சொன்ன உவமையில், மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற ஒரு பரிசேயனும், வரி வசூலிக்கிறவன் என்று ஜனங்கள் வெறுத்த ஒரு ஆயக்காரனும் தேவாலயத்தில் ஜெபிக்கிறார்கள். அந்தப் பரிசேயன் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதைக் கவனித்திருக்கிறீர்களா? வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுத்தான், எல்லாம் உண்மை. ஆனால் தேவனுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தவன், தூரத்தில் நின்ற ஆயக்காரனைப் பார்த்துத் தன்னை அளந்துகொண்டிருந்தான். அதனால் முதலில் உங்கள் ஜெபத்தை நீங்களே காது கொடுத்துக் கேளுங்கள். அதில் அடுத்த வீட்டுக்காரரோ, சபையில் இன்னொரு ஊழியரோ ஒப்பீட்டுக்காக எட்டிப் பார்த்தால், பெருமை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் அதைப் பொத்தாம்பொதுவாக அறிக்கை செய்யாதீர்கள். "ஆண்டவரே, என் பெருமையை மன்னியும்" என்று நான் வருஷக்கணக்கில் ஜெபித்தேன், ஒன்றும் அசையவில்லை. ஒருநாள், "பாடகர் குழுவில் அந்தத் தம்பி தனியாகப் பாடியபோது அவன் சுருதி தப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன்" என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொல்லவே கூச்சமாக இருந்தது, அழுதுவிட்டேன்.

ஆயக்காரன் "இனிமேல் திருந்திவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்கவில்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்", அவ்வளவுதான் கேட்டான், நீதிமானாக்கப்பட்டவனாக வீட்டுக்குப் போனான். நாமோ தாழ்மையையும் சொந்த முயற்சியில் சம்பாதிக்கப் பார்க்கிறோம், கொஞ்சம் கிடைத்ததும் அதற்கே பெருமைப்படுகிறோம். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று புலம்புவதும் தாழ்மை ஆகாது, அப்போதும் பேச்செல்லாம் நம்மைப் பற்றித்தானே! இரக்கத்தை வெறுங்கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா கிடைத்த மன்னிப்பை வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் மார்தட்ட முடியாது.

வீட்டில் மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால்" சேர்க்காதீர்கள். "கோபப்பட்டது தப்பு, ஆனால் நீ அப்படிப் பேசினாயே" என்றால் அது மன்னிப்பே இல்லை, வழக்கு. பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் மைக் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டு, சாப்பிட்ட இலை எடுக்கப் போங்கள், முக்கியமாக உங்களுக்குப் பிடிக்காதவர்கள் உட்கார்ந்திருக்கிற பந்திக்கு. யோவான் 13-ல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவும்போது அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸும் அங்கேதான் இருந்தான், அவன் எழுந்து போனது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் செய்தும், முன்பைவிட அதிகப் பெருமை உள்ளே இருப்பது போலத் தோன்றினால் சோர்ந்துபோகாதீர்கள். அப்போஸ்தலரான பவுல்கூட கொரிந்தியருக்கு எழுதும்போது தன்னை அப்போஸ்தலரில் சிறியவன் என்கிறார், எபேசியருக்கு எழுதும்போது பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன் என்கிறார், தீமோத்தேயுவிடம் பாவிகளில் பிரதான பாவி நான் என்கிறார். அதே இடத்தில்தான் தனக்கு இரக்கம் கிடைத்ததையும் சொல்கிறார்.

இன்னொன்று. யாராவது உங்கள் குறையைச் சொன்னால் அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பிலும்தான். இரவு அதை ஜெபத்தில் வைத்து, இதில் எவ்வளவு உண்மை என்று ஆண்டவரிடம் கேளுங்கள். காலையில் அவருக்குப் போன் செய்து, உண்மையாக இருந்த அந்தப் பகுதிக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.