விர்ச்சுவல்பாக்ஸில் டிரைவர் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உபுண்டுவில் விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக நேற்று வரை ஓடிய மெய்நிகர் கணினியை இன்று திறந்தால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிரைவர் நிறுவப்படவில்லை என்ற பெட்டி, கூடவே மைனஸ் 1908 என்ற எண். பெரும்பாலும் இடையில் கெர்னல் அப்டேட் ஆகியிருக்கும், நீங்களும் ரீஸ்டார்ட் செய்திருப்பீர்கள். விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் மாட்யூல் (கெர்னலில் ஏற்றப்படும் துணைநிரல்) ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். பழையது புதிய கெர்னலில் ஏறாது.

முதல் தவறு, இதை மறைக்க வழி தேடுவது. மவுஸ், கீபோர்டு பற்றிய அறிவிப்புகளைத் தாராளமாக மறைக்கலாம். பின்னால் வேண்டுமென்றால் ஹெல்ப் மெனுவில் உள்ள 'ரீசெட் ஆல் வார்னிங்ஸ்' அவற்றைத் திரும்பக் கொண்டுவரும். டிரைவர் எச்சரிக்கை அந்த வகை இல்லை. மாட்யூல் ஏறாதவரை மெய்நிகர் கணினி தொடங்கவே தொடங்காது.

அடுத்ததுதான் அதிகம் பேர் செய்வது, எச்சரிக்கை ஓயாமல் வருவதற்கும் அதுவே காரணம். மாட்யூலைக் கம்பைல் செய்ய கெர்னல் ஹெடர்கள், அதாவது அந்தக் கெர்னல் பதிப்புக்கான நிரல் விவரக் கோப்புகள் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கட்டளைகள் பெரும்பாலும் 'யூநேம்' கட்டளை காட்டும், இப்போது ஓடும் கெர்னல் பதிப்புக்கான ஹெடரை மட்டும் நிறுவும். அன்றைக்குப் பிரச்சினை தீரும். அடுத்த கெர்னல் வரும்போது அதற்கான ஹெடர் இருக்காது, புதிய கெர்னலுக்கு மாட்யூலைத் தானாகக் கம்பைல் செய்யும் கருவியான டிகேஎம்எஸ் கம்பைல் செய்யாமல் விட்டுவிடும், அதே பெட்டி மறுபடி வரும். பதிப்பு எண் இல்லாத 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' தொகுப்பை நிறுவுங்கள். ஒவ்வொரு புதிய கெர்னலோடும் அதன் ஹெடரை அது தானாகவே கொண்டுவரும். ஆனால் உபுண்டு 24.04 டெஸ்க்டாப்பில் பொதுவாக ஓடுவது எச்டபிள்யூஇ எனப்படும், புதிய வன்பொருளுக்கான கெர்னல். அங்கே 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04' என்பதுதான் சரி. இரண்டையும் குழப்பினால் வேறொரு கெர்னலுக்கான ஹெடர் வந்து உட்காரும், பயன் இல்லை.

நிறுவியபின் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள். உங்கள் கெர்னல் பதிப்புக்கு நேராக 'இன்ஸ்டால்டு' என்று இருக்க வேண்டும். 'ஆடட்' என்று மட்டும் இருந்தால் கம்பைல் நடக்கவில்லை. சுடோவோடு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' கொடுங்கள். அதுவும் தோற்றால், கெர்னல் உங்கள் விர்ச்சுவல்பாக்ஸைவிடப் புதியதாக இருக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்யுங்கள். அவசரமென்றால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கெர்னலில் பூட் செய்து வேலையை முடியுங்கள்.

கம்பைல் ஆகியும் ஏறவில்லை, டெர்மினலில் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வருகிறது என்றால் தடுப்பது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்து இல்லாத மாட்யூலை ஏறவிடாத பாதுகாப்பு. உடனே பயாஸுக்குள் போய் அதை அணைப்பது நல்ல வழி இல்லை. அதே கணினியில் பிட்லாக்கர் டிஸ்க் பூட்டோடு விண்டோஸ் இருந்தால், அடுத்த முறை அது மீட்புச் சாவி கேட்டு நிற்கக்கூடும். மாட்யூலில் கையெழுத்திடும் சாவியைப் பதிவு செய்வதே முறை. உபுண்டுவின் டிகேஎம்எஸ் தொகுப்பு நிறுவும்போதே இதற்கு ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத்திரை வரும். ஏதாவது ஒரு விசையை அழுத்த 10 விநாடிதான் தரும். 'என்ரோல் மோக்', 'கன்டின்யூ', 'யெஸ்', பிறகு அதே கடவுச்சொல், கடைசியில் 'ரீபூட்'. தவறவிட்டால் பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதால் கடவுச்சொல்லில் குறியீடுகள் வேண்டாம். ஒருமுறை பதிந்துவிட்டால் பின்னர் வரும் கெர்னல்களுக்கும் அதே சாவி போதும்.

உபுண்டு களஞ்சியத் தொகுப்பையும் விர்ச்சுவல்பாக்ஸைத் தயாரிக்கும் ஆரக்கிள் தரும் ரன் நிறுவல் கோப்பையும் ஒரே கணினியில் கலக்காதீர்கள். ஒன்றை முழுதாக நீக்கிய பிறகே மற்றது.

கெர்னல் 6.12 முதல் இன்னொரு சிக்கல் உண்டு. மாட்யூல் சரியாக ஏறியிருந்தும், விடி-எக்ஸ் (இன்டெல் பிராசசரின் மெய்நிகராக்க வசதி) வேறு எதனாலோ பயன்படுத்தப்படுகிறது என்று பிழை வரலாம். லினக்ஸின் சொந்த மெய்நிகராக்க மாட்யூலான கேவிஎம் ஏறும்போதே அந்த வசதியைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். இதற்காக கேவிஎம்மை நிரந்தரமாகத் தடைப்பட்டியலில் போட்டால் ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் விர்ட்-மேனேஜரும் முடங்கும். கேவிஎம் மாட்யூலின் 'எனேபிள் விர்ட் அட் லோட்' அளவுருவை கிரப் அமைப்பில் 0 ஆக்கி, 'அப்டேட்-கிரப்' ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டும் இருக்கும், ஒரே நேரத்தில் மட்டும் ஓட்டாதீர்கள்.