நல்ல நாளில் எழுதி வைக்க வேண்டிய ஒரு தாள்

எனக்கு டிப்ரஷன் என்று தெரிந்து 11 வருடம் ஆகிறது. அதில் இரண்டு முறை, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று முடிவு கட்டும் அளவுக்குப் போயிருக்கிறேன். இப்போது என் மொபைல் கவருக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த எண்ணம் இந்த நிமிடமே உங்களுக்கு இருந்தால், தாள் எல்லாம் அப்புறம். முதலில் யாரையாவது அழைத்துப் பக்கத்தில் வரச் சொல்லுங்கள், அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவர்கள் இந்தத் தாளைப் பாதுகாப்புத் திட்டம் என்கிறார்கள். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. தற்கொலை நெருக்கடியில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றிய அவர்களுடைய ஆய்வு 2018-இல் வெளியானது. இந்தத் தாளை எழுதிக்கொண்டு போய், பிறகு போனிலும் விசாரிக்கப்பட்டவர்களிடம், அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை முயற்சி போன்ற நடத்தைகள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 45 சதவீதம் குறைவாக இருந்தன. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒரு தாளுக்கு அது பெரிய விஷயம்.

ஏன் நல்ல நாளிலேயே எழுத வேண்டும்? 1986-இல் மார்க் வில்லியம்ஸும் அவருடைய சக ஆய்வாளரும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, அதை ஒட்டி நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளைச் சொன்னபோது, இவர்களிடமிருந்து வந்தவை பெரும்பாலும் பொத்தாம்பொதுவான பதில்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதே பழக்கம் இருப்பதைப் பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கெட்ட நேரத்தில் என் மனசு சொன்னதும் அதுதான்: ‘எப்பவுமே இப்படித்தான், எதுவுமே உதவினதில்லை.’ உதவிய நாட்கள் இருந்தன. அந்த நேரத்தில் அவை கைக்கு எட்டவில்லை. அதனால் தாளில் எழுதும் ஒவ்வொரு வரியும் குறிப்பானதாக இருக்க வேண்டும். அங்கேதான் நான் முதலில் தவறினேன்.

முதல் பகுதி, எச்சரிக்கை அடையாளங்கள். ‘மனசு சரியில்லாதபோது’ என்று எழுதியிருந்தேன். என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, உனக்கு பாதி நாள் மனசு சரியில்லாமத்தானே இருக்கு? அந்த வாரம் என்னென்ன நடந்துச்சு, சொல்லு” என்றான். இருவரும் உட்கார்ந்து, நடந்ததைப் பின்னாலிருந்து முன்னுக்கு நாள் நாளாகச் சொல்லிப் பார்த்தோம். மூன்று வரிகள் கிடைத்தன. தொடர்ந்து மூன்று இரவு, 3 மணிக்கு முழிப்பு வந்து அப்புறம் தூக்கமே இல்லை. தம்பியின் அழைப்பை எடுக்காமல் போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி’ என்ற வாக்கியம் வந்தது. மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற இந்த உணர்வை, தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005-இல் முன்வைத்த கோட்பாட்டில் தற்கொலை எண்ணத்தின் முக்கியக் கூறாகவே வைத்திருக்கிறார். நான் உண்மை என்று நம்பிய வாக்கியம், காய்ச்சலில் உடம்பு சுடுவதுபோல ஓர் அறிகுறி. இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது, யாரும் இல்லாமலே செய்யக்கூடியவை. கை கால் கனத்துக் கிடக்கும்போதும் முடிகிறதா என்று பாருங்கள். ‘உடற்பயிற்சி’ என்று எழுதாதீர்கள். என்னுடையவை: வாசலில் உள்ள ஐந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, தம்பி மகள் “அத்தை, கேளுங்க” என்று கதை வாசித்து அனுப்பிய நான்கு நிமிட ஒலிப்பதிவைக் கேட்பது. நோயை இவை தீர்க்காது. அலை உச்சத்துக்கு ஏறி இறங்கும்வரை நேரத்தைக் கடத்த உதவும்.

மூன்றாவது, கவனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும். நான்காவது, உண்மையைச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர்கள். இரண்டும் வேறு வேறு. பேச்சுத்துணை நன்றாகத் தருபவர், நீங்கள் தற்கொலை என்ற வார்த்தையைச் சொன்னதும் பதறிவிடலாம். நான்காவதில் இருப்பவரிடம் முன்கூட்டியே பேசி, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கும்படி சொல்லிவையுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை.

ஐந்தாவது, மருத்துவர், ஆலோசகர், உதவி எண். அந்த எண்ணை நல்ல நாளிலேயே ஒருமுறை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆறாவதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு ஆபத்தாகக்கூடியது எதுவோ, அது உங்கள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். என்னுடையது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். தம்பியிடம் கொடுத்துவிட்டேன், எங்கே வைத்தான் என்று நான் கேட்கவும் இல்லை. நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. அந்த நேரம் பாதுகாப்பாகக் கடந்துபோக வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரை ஆரம்பிப்பவர்களுக்கு இந்தத் தாள் இன்னும் அவசியம். எனக்கு முதலில் மருந்து எழுதிக்கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை: செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கூட்டும் மாத்திரைகள், மூளை நரம்புகளுக்கு இடையில் அதைச் சில மணி நேரத்திலேயே கூட்டத் தொடங்குகின்றன; மனநிலை தெளியவோ வாரக்கணக்கில் ஆகும். அந்த வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் நரம்பு ஏற்பிகளும், நரம்புகளின் இணைப்புகளும் மெல்ல மெல்ல மாறுவதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐந்தாம் நாளே ‘மருந்தும் கைவிட்டுவிட்டது’ என்று நான் உடைந்துபோனேன். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையும் அமெரிக்காவில் இந்த மருந்துகளின் மேல் இருக்கிறது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த வாரங்களில் மருத்துவரை அடிக்கடி பாருங்கள். முதல் மருந்திலேயே முழுதாகக் குணமானவர்கள், அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். ஆகவே இரண்டாவது மருந்துக்கு மாறுவது தோல்வியே அல்ல.

அறுவை சிகிச்சையில் மயக்கத்துக்குக் கொடுக்கும் கெட்டமின் என்ற மருந்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது சில மணி நேரத்தில் மனநிலையைத் தூக்குவது உண்மை. ஒரே தடவை கொடுத்தால் பலருக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் அந்தப் பலன் கரைந்துவிடுகிறது. அதன் உறவான எஸ்கெட்டமின் என்ற, மூக்கில் அடிக்கும் ஸ்பிரேக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தற்கொலையைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என அதனுடன் வரும் மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அதைப் பெறுபவர்களும் இந்தத் தாளை எழுதி வைக்கட்டும்.

எழுதியதும் மேலே தேதி போடுங்கள். ஒரு பிரதி நான்காவது பகுதியில் உள்ளவரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு கெட்ட வாரம் முடிந்ததும் எடுத்து, உதவாத வரியை அடித்துவிட்டு உதவியதை எழுதுங்கள். என் கவரில் இருப்பது நாலாவது தாள். தொட்டிகள் இப்போது ஏழு என்று அதில் திருத்தியிருக்கிறேன்.