திறந்த கூரை கார்களில் மழைநீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூரையை மடித்துவிட்டு ஓட்டக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில், 1989ஆம் ஆண்டு அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 அளவுக்கு உலகெங்கும் விற்ற கார் வேறில்லை. அதன் முதல் இரண்டு தலைமுறைக் கார்களை இன்றும் அன்போடு பராமரித்து வருபவர்கள் பலர். பெருமழைக்கு மறுநாள் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கார்பெட்டில் கை வைத்து, அது ஊறிக் கிடப்பதைக் கண்டு அவர்கள் திகைப்பதும் அடிக்கடி நடப்பதுதான். அந்த நிமிடத்தில் பெரும்பாலோர் கூரை கிழிந்துவிட்டது என்றே முடிவு கட்டுகிறார்கள். புதுக் கூரைக்குப் பெருந்தொகை செலவழித்த பிறகும் கார்பெட் நனைகிறது என்றால், அதற்குக் காரணம் அந்த அவசர முடிவே.

இந்தக் காரின் உடலுக்குள் ஓரளவு மழைநீர் புகும் என்பது வடிவமைப்பிலேயே எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. கூரையின் பின்பக்கமாக வழியும் நீர் வெளியே தெறித்துவிடுவதில்லை. அது கூரைக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடுக்கில் இறங்குகிறது; ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் பொருத்திய தகரத் தூம்பைப் போல, அங்கே மறைந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் அதை ஏந்தி இரு பக்கங்களுக்கும் கொண்டு செல்கிறது. கதவுகளுக்குப் பின்னால், சீட் பெல்ட் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தை ஒட்டி இருக்கும் துளைகளில் விழுந்து, குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் காரின் அடியில் அது வெளியேறுகிறது. ஆகவே உரிமையாளரின் முதல் கவலை, நீர் எங்கே நுழைகிறது என்பதை விட, நுழைந்த நீர் வெளியேற வழி திறந்திருக்கிறதா என்பதாகவே இருக்க வேண்டும்.

மரத்தடியில் நிறுத்தப்படும் காரில் இலைத்துணுக்குகளும் தூசியும் அந்தத் துளைகளில் சேர்ந்து சேறாகின்றன. வடிகால் அடைபட்டால், தேங்கிய நீர் ஒருபுறம் கார்பெட்டுக்கும், மறுபுறம் கதவுகளுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற இரும்புச் சட்டத்துக்கும் வழிந்து செல்கிறது. கார்பெட் நனைந்தால் கைக்குத் தெரியும். சட்டத்துக்குள் நிற்கும் நீரோ, வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துருவை வளர்த்துவிடும். பிரிட்டனில், குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பும் இதனுடன் சேர்ந்துகொள்வதால், பின்சக்கரத்தை ஒட்டிய சட்டம் அரித்துப்போய் ஆண்டுத் தகுதிச் சோதனையில் தோற்ற எம்எக்ஸ்-5 கார்கள் ஏராளம். நல்ல எஞ்சினோடு ஒரு கார் இப்படி உடைப்புக் கூடத்துக்குப் போவது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

அடைப்பை எடுக்கும் முறையிலும் தவறு நேர்கிறது. கூர்மையான இரும்புக் கம்பி குழாயைக் கிழிக்கக்கூடும். அழுத்தக் காற்றை ஊதினால் குழாய் தன் இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளக்கூடும், அதன்பின் வடியும் நீர் முழுவதும் காருக்குள்ளேயே விழும். புல்வெட்டும் கருவியில் பயன்படும் தடித்த நைலான் இழையின் முனையைத் தீயில் சற்று உருக்கி மழுங்கலாக்கி, மெதுவாகத் திருகிச் செலுத்துவதே போதுமானது. பிறகு ஒரு குவளை நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, காருக்கு அடியில் பார்க்க வேண்டும். முதலில் இலை மக்கிய கறுப்பு நீர் வரும், பின்பு தெளிந்து வரும். இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வடிந்தால் வழி சீராக இருக்கிறது என்று கொள்ளலாம். குழாய் சுத்தமாக இருந்தும் கார்பெட் நனைந்தால், பிளாஸ்டிக் வாய்க்காலில் விரிசல் இருக்கலாம், அல்லது புதுக் கூரை மாட்டியவர் வாய்க்காலின் முனையைத் துளைக்குள் சரியாக உட்காரவைக்காமல் விட்டிருக்கலாம்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, கண்ணில் பட்ட இடுக்குகளையெல்லாம் சிலிக்கான் பசையால் அடைப்பதுதான். அது நீர் வெளியேறும் வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. பின்னால் உண்மையான கசிவைத் தேடுபவருக்கு அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதே பெரும் வேலையாகிவிடும்.

கதவுக் கண்ணாடியின் மேல் விளிம்பில் சொட்டும் நீர் வேறு வகை. அங்கே ரப்பர் பீடிங்கை மாற்றுவதற்கு முன், ஒரு தாள் துண்டைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி உருவி வரும் இடத்தில் அழுத்தம் போதவில்லை என்று பொருள். கண்ணாடியின் நிலையையோ முன்கூரைக் கொக்கியின் இறுக்கத்தையோ திருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ரப்பர் மிருதுவாக இருக்கட்டும் என்று வாசலினோ எஞ்சின் ஆயிலோ தடவக் கூடாது; பெட்ரோலியப் பொருள்கள் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும், சிலிக்கான் கிரீஸே பொருத்தமானது.

நனைந்த கூரையை அப்படியே மடித்து நாள்கணக்கில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பின்கண்ணாடி உள்ள பழைய கார்களில் அது மங்கியும் போகும். துணிக் கூரையில் உயர் அழுத்த நீரைப் பாய்ச்சுவதும் வேண்டாம்.

இறுதியாக, நனைந்த பிறகு செய்யும் தவறு ஒன்று உண்டு. கார்பெட்டின் மேற்புறம் காய்ந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அடியில் உள்ள தடித்த மெத்தைப் பகுதி வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். 1996இல் வெளிவந்த இன்னொரு திறந்த கூரை காரான முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் திருட்டுத் தடுப்பு மின்னணுப் பெட்டி இருக்கையின் அடியில், தரையோடு ஒட்டியே இருப்பதால், இத்தகைய ஈரத்தில் அது பழுதாகிக் கார் கிளம்பாமலே போவதுண்டு. எனவே நனைந்த காரில் இருக்கைகளைக் கழற்றி, கார்பெட்டை முழுவதும் தூக்கி, மெத்தையைத் தனியே உலர்த்த வேண்டும். அவற்றைத் திரும்ப விரிப்பதற்கு முன்னால், வெறுந்தரை கண்ணுக்குத் தெரியும்போதே, வடிகால்களில் இன்னொரு முறை நீர் ஊற்றிச் சோதித்துவிட வேண்டும்.