ஒன்டாரியோ போகிறீர்களா? உதவித்தொகை, வேலை பற்றி ஊர்க்காரன் சொல்வது

காட்பாடியில் என் வீட்டுக்கு மாதம் இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா பக்கத்து ஆட்கள். (2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள்; எனக்கு இன்னும் எல்லாம் வட ஆற்காடுதான்.) கையில் கனடா பி.ஆர். (அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி) இருக்கும், ஒன்டாரியோ மாகாணத்து டொராண்டோவுக்கு டிக்கெட்டும் போட்டிருப்பார்கள். பெட்டியில் எத்தனை கிலோ, புளி கொண்டுபோகலாமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டும்போது மெதுவாக ஒரு கேள்வி வரும்: "அண்ணே, வேலை கிடைக்கலன்னா என்ன பண்றது?"

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பதினோரு வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நம் வேலைவாய்ப்பு அலுவலகத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே பதிவு செய்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, சீனியாரிட்டிக்குக் காத்திருப்போம். அங்கே 'எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோ' மையத்துக்கு நேரில் போனால் உங்களுக்கென்று ஓர் ஆலோசகரைக் கொடுப்பார்கள். ரெஸ்யூமே எழுத, இன்டர்வியூவுக்குத் தயாராக, எந்தப் பயிற்சி தேவை என்று பார்க்க அவர் உதவுவார். கட்டணம் கிடையாது. உதவித்தொகை வாங்குகிறவர்கள்தான் போகவேண்டும் என்றும் இல்லை. இது தெரியாமல் நான் ஆறு மாதம் வீணடித்தேன்.

வருமானம் இல்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகைக்குப் பெயர் 'ஒன்டாரியோ வொர்க்ஸ்'. தனி ஆளுக்கு மாதம் அதிகபட்சம் 733 டாலர். 2018-இல் வைத்த தொகை, வருடக்கணக்காக ஏறவில்லை. டொராண்டோவில் ஒரு பேஸ்மென்ட் அறை வாடகைக்கே இது பத்தாது. வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்காதவர்களா நாம்?

ஆனால் ஸ்பான்சரில் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். மகனோ மகளோ கூப்பிட்டுப் போகும் அப்பா அம்மாவுக்கு 20 வருடம், கணவன் மனைவிக்கு 3 வருடம், கூப்பிட்டவர்தான் பொறுப்பு என்று கையெழுத்து. அந்தக் காலத்தில் நீங்கள் உதவித்தொகை வாங்கினால் அது அவர் தலையில் கடனாக நிற்கும். வேலை தேட உதவும் சேவைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலைக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம், மறைக்காமல் போகவேண்டும். உதவித்தொகை வாங்கும் முதல் மூன்று மாதம், சம்பாதிப்பதை அதிலிருந்து அப்படியே கழிப்பார்கள். அப்புறம் மாதம் முதல் 200 டாலரைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் வருவதில் பாதியைத்தான் கழிப்பார்கள். 600 டாலர் சம்பளம் கைக்கு வந்தால் 733-இல் 200 குறையும். மொத்தம் 1133. பே ஸ்லிப்பை மாதாமாதம் காட்டிவிடுங்கள். காட்டாமல் விட்டால், கூடுதலாகக் கொடுத்ததைப் பின்னால் பிடித்துவிடுவார்கள்.

ஆம்பூரிலிருந்து வந்த ஒரு தம்பியுடன் நானும் மையத்துக்குப் போயிருந்தேன். "என்ன வேலை செய்தீர்கள்?" என்றதற்கு "ஷூ கம்பெனி வேலை" என்று நிறுத்திவிட்டார். ஆலோசகர் விடவில்லை. எந்த மெஷின், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஜோடி, யார் செக்கிங் செய்தது என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். அரைமணியில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. நம் பயோடேட்டாவில் இருக்கும் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், போட்டோ எதுவும் அதில் இல்லை. கனடா அனுபவம் இல்லையே என்று பயந்துகொண்டிருந்தார். 2026 ஜனவரியிலிருந்து, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கக் கூடாது.

வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடமே காசு கேட்கும் ஏஜென்சி பக்கம் போகாதீர்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சி தொழிலாளியிடம் அதற்குக் கட்டணம் வாங்குவது அங்கே சட்டப்படி குற்றம். என் மச்சான் ஒருவர் இப்படி 300 டாலர் கொடுத்து ஏமாந்தார். 2024 ஜூலையிலிருந்து ஏஜென்சிகளுக்கு லைசென்ஸும் கட்டாயம்.

வேலை கிடைப்பதைவிட அதில் நிற்பதுதான் கஷ்டம். இங்கே உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பையனிடம் "மேஸ்திரிகிட்ட சொல்லிடுப்பா" என்றால் போதும். அங்கே ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் நீங்களே போன் செய்யவேண்டும். அந்த இரண்டு வரி ஆங்கிலத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். வேலையில் சேர்ந்த பிறகும் ஆலோசகர் ஒரு வருடம்வரை அவ்வப்போது விசாரிப்பார். "எல்லாம் ஓகே" என்று வைத்துவிடாதீர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்தால் பஸ் இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொன்னால்தானே அவரால் ஏதாவது செய்யமுடியும்!

கிடங்கு வேலைக்குப் பச்சை முக்கோணம் போட்ட பாதுகாப்பு ஷூ கேட்பார்கள். விலை அதிகம், வாங்குவதற்கு முன் ஆலோசகரைக் கேளுங்கள், பணம் கிடைக்க வழி இருக்கலாம். ஆம்பூர்த் தம்பி அதை வாங்கியதும் முதலில் திருப்பித் தையலைத்தான் பார்த்தார். "சுமார்தாண்ணே" என்றார்.

எந்த மையம் பக்கத்தில் என்று தெரியாவிட்டால் 211-க்குப் போன் செய்து 'தமிழ்' என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.