டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை அப்படியே கழிக்காதீர்கள்

சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சுமார் 2,900 கி.மீ. இரண்டுக்குமே நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித் தெரியாது. புறப்படும் நேரம் நம்மூர்க் கணக்கு, இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கு.

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். இரவு 11 மணிக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பினால், இறங்குவது விடியற்காலை 5.45 என்று போட்டிருக்கும். அதில் இரண்டரை மணியைக் கழித்தால் நாலேகால் மணிப் பயணம். துபாய் ஒன்றரை மணி பின்னால், அங்கே கூட்டிக்கொள்ள வேண்டும்.

அம்மா அப்பாவைத் தனியாக அனுப்புகிறவர்கள் சாப்பாடு, சர்க்கரை மாத்திரைக்கெல்லாம் இந்தக் கணக்கையே வையுங்கள். இன்னொன்று, 15ஆம் தேதி 12.30 (நள்ளிரவு) விமானம் என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.